தம்பிக்கு ஊட்டிய மஞ்சள் கரு

தம்பி எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். ஏரி நடுவே இருக்கும் எங்கள் பசியாவரத்தில் பிறந்தவர். எனக்கு ஒன்பது வயது இளையவர். அம்மா சீக்கிரமே கண்ணை மூடியதால் நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். பன்னிரண்டு வயதில் எங்களைப் பெற்ற நைனாவோடு மீன் பிடிக்கப் படகேறினார். ஏரியில் வலை போட ஊர் வகுத்த முறையில் தன் முறை வராத நாளில் அடுத்தவர் இடத்தில் ஒருநாளும் வலை போட்டதில்லை. சம்சாரம் தவறிய பிறகு என் வீட்டோடு வந்துவிட்டார்.

சர்க்கரையால் இரண்டு கிட்னியும் கெட்டன. வாரம் இரண்டு நாள் ஏரியைத் தாண்டிப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். கால் வீங்கிக்கொண்டே வந்தது. உடம்பில் சத்து இறங்கிவிட்டது, காலையில் இரண்டு முட்டை அவித்து வெள்ளையை மட்டும் கொடுங்கள், மஞ்சள் கரு கூடாது என்றார் டாக்டரம்மா.

வயிற்றில் முட்டையோடு சினை மடவை மீன் கிடைத்தால் எங்கள் வீடுகளில் அந்தச் சினையை உழைக்கிற ஆளுக்குத்தான் வைப்போம். பலமெல்லாம் அதில்தான் என்று நம்பி வளர்ந்தவள் நான். சினை மாதிரியே இருக்கும் மஞ்சள் கருவைத் தூக்கிப் பூனைக்குப் போட எனக்குக் கை வரவில்லை. இட்லியோடு பிசைந்து கொடுத்தேன்.

“இன்னாக்கா, வெள்ளை மட்டும்னுதானே சொன்னாங்க?”

“அவங்க மீனைக் காசு குடுத்து வாங்கித் துன்றவங்கடா. சினையைப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? துன்னு.”

“ஏரியில எறங்காதவனுக்கு சினை எதுக்குக்கா?” என்று சிரித்தார். ஆனாலும் என் பேச்சைத் தட்டாமல் தின்றார்.

மூன்று மாதம் அப்படிப் போனது. உடம்பெல்லாம் அரிப்பு. முதுகு புண்ணாகும்வரை சொறிந்தார். டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, “மஞ்சக்கரு சாப்பிட்டீங்களா? அதுல இருக்கிற பாஸ்பரஸ் உங்க உடம்பை விட்டு வெளிய போகாது. எலும்பையே அரிச்சுடும்” என்று கோபித்தார்.

“ஆசையா இருந்துச்சும்மா. நான்தான் துன்னுட்டேன்” என்றார் தம்பி.

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் யாரிடமும் பேச்சு வாங்காதவள் என்ற கர்வம்.

அன்றிலிருந்து வெள்ளை மட்டும் கொடுத்தேன். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. அதற்குள் இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். ஐப்பசி மழையில் ஒரு காலை, வெள்ளைக் கருவை வாயருகில் கொண்டு போனேன். திறக்கவில்லை.

மஞ்சள் கரு தின்றதாலா என்று அப்புறம் கேட்டேன். “மஞ்சக்கருவால இல்லம்மா, வியாதியே முத்திப்போச்சு” என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இல்லை.

தம்பியைப் படகில் ஏற்றி இறக்கிய பங்காளிகளுக்கும், காரியத்துக்கு வந்து நின்ற சுண்ணாம்புக்குளத்து உறவினர்களுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வியாதி இருந்தால் டாக்டர் சொன்னபடி மட்டும் கொடுங்கள். தாய் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று என்னைப் புகழாதீர்கள்.

டாக்டரம்மாவுக்கும் நன்றி. அன்று அவர் திட்டிய திட்டு என்னுடையது. தம்பி அதைத் தன்னோடு கொண்டு போய்விட்டார்.