இரண்டு நாள் வழி

ஐந்தே மணி நேரமாம். தேய்ப்பு மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தவள்தான் சொன்னாள். அவளுக்கு அவள் மச்சான் சொன்னது. மச்சானுக்கு அவர் டாக்ஸியில் ஏறிய யாரோ சொன்னது.

“நேர் ஃப்ளைட்டாம்க்கா. நாலாயிரம் கிலோமீட்டரையும் ஒரே மூச்சுல தாண்டிடுதாம். அங்க மத்தியானம் சாப்பிட்டு ஏறினா, ராத்திரி சாப்பாடு நம்ம ஊர்ல. மூணு வருஷமா ஓடுதாம். உங்க வீட்டுக்காரர் என்ன, நீந்தியா வர்றாரு?”

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் ‘கஞ்சியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கைபட்ட டாக்டர் கோட்டு ஆணியில் மாட்டாமலே நிற்கும் என்று கேலி. கஞ்சியக்கா இப்போதும் சிரித்துத்தான் வைத்தாள்.

“அந்த டிக்கெட்டெல்லாம் யானை விலைடி. நடுவுல ஒரு ஊர்ல இறங்கி, ராத்திரி பெஞ்சுல படுத்து, அடுத்த ஃப்ளைட் புடிச்சாத்தான் கட்டுப்படியாகும். ரெண்டு நாள் வழி. பாவம், இடுப்பொடிஞ்சு வருவாரு மனுஷன்.”

“யானை விலையா? நம்ம மாடி வீட்டுப் பையனே அதுலதான் வந்தானாம். நல்லா விசாரிங்கக்கா.”

அவள் மடித்த உறைகளோடு போய்விட்டாள். யானை விலை, பெஞ்சு, இடுப்பு, எல்லாமே வெளிநாட்டில் வேலை பார்க்கும் புருஷனின் வார்த்தைகள். கேட்டுக் கேட்டுக் கஞ்சியக்காவின் வாயில் குடியேறிவிட்டவை.

ஒரு கோட்டின் முதுகில் இஸ்திரியை ஓட்டும்போது கை நின்றது. போன லீவுக்கு அவன் போட்டுக்கொண்டு வந்து இறங்கிய நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் சாய்ந்தும் படுத்தும் வந்தவன் முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. காலரில் கஞ்சி மொடமொடத்தது. நான் எடுத்துக்கொடுத்த துணியாக்கும் என்று மாமியாரிடம் அன்றைக்குப் பீற்றிக்கொண்டாள். மாமியார் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

யார் போட்ட கஞ்சி அது?

துணி தீயும் வாடை வந்த பிறகுதான் இஸ்திரியைத் தூக்கினாள்.

“ஏறிட்டேன், நாளான்னிக்குக் காலைல வீட்டுல” என்று நேற்று மத்தியானம் அவன் போன் செய்திருந்தான். அவன் சொல்லும் கணக்குப்படி, இன்று சாயங்காலம் எங்கோ ஒரு பெஞ்சில் கிடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் போனை எடுத்தாள். அவனிடம் ஊர் சிம் ஒன்று உண்டு. நாட்டுக்கு வெளியே அது செத்த சிம். லீவுக்கு வந்து, வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் போனில் போடுவான். மற்ற நாளெல்லாம் அந்த எண்ணுக்கு அடித்தால் ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு குரல் சொல்லும்.

“யாருக்கும்மா போன்?” என்றாள் மாமியார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உங்க புள்ளைக்குத்தான் அத்தே. ஊர் நம்பருக்கு.”

மாமியார் சட்டென்று திரும்பினாள். “அதுக்கு எதுக்குப் போடுற? பாவம், அலுத்துப்போயிருப்பான். விடிஞ்சா வந்துடப் போறான்.”

“சும்மாதான் அத்தே. அடிக்கவா போகுது?”

அடித்தது.

ஒரு மணி. இன்னொரு மணி. ஒரு தடங்கல் இல்லாமல், பக்கத்துத் தெருவில் அடிப்பதுபோல.

அடிக்கிறதா என்று மாமியார் கேட்கவில்லை. டிவியை அணைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“குடுத்துடும்மா. வெச்சுடு.”

“உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?”

மாமியார் நீட்டிய கையை மடக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.