ஏறாத பிளேன்

இசக்கியப்பன் கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். தூத்துக்குடியில் ஒரு கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் இருபது வருசமாக மேஸ்திரி. மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவான். அதை எவனும் மெச்சவில்லை. ஊர் மெச்சியது அவன் ஏறாத பிளேனைத்தான்.

நாற்பத்தாறாம் வருசம் முதலாளி கொழும்புக்குப் பிளேனில் போனார். அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு இசக்கியப்பன் திருச்சி வரை போனான். வேலிக்கு வெளியே நின்று பிளேன் எழும்புவதைப் பார்த்தான். இருநூற்று எண்பது மைல், ஒண்ணே முக்கால் மணி என்று அங்கே ஒரு சிப்பந்தி சொன்னான். திரும்பும் வழியில் மதுரையில் அக்காள் வீட்டில் நாலு நாள் தங்கினான். பிறகு அளந்த கதைக்கு அது தோதாகப் போயிற்று.

"என்ன அண்ணாச்சி, நீங்களும் ஏறுனியளா?" என்று வெற்றிலைக்கடையில் ஒருவன் நக்கலாகக் கேட்டான்.

"பின்ன, பெட்டி தன்னாலயா ஏறும்?"

அதோடு விட்டிருக்கலாம். வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. காது அடைத்ததாம், கடல் கவிழ்த்த தாம்பாளம் மாதிரிக் கிடந்ததாம்.

அடுத்த வருசம் ஆனி மாதம், ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டுச் செல்லத்தாய்க்குத் தந்தி வந்தது. கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவள் புருசன் அய்யாக்குட்டிக்கு நெஞ்சுவலி, உடனே வரவும் என்று.

"மதினி, அஞ்சு மணிக்குக் கப்பல் இருக்கு. காலையில அங்கன இறங்கிரலாம்," என்றான் கொழுந்தன் பால்துரை.

அவள் இசக்கியப்பனைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க போய்ட்டு வந்தவுக. எது சீக்கிரம்?"

தெருவே அவன் வாயைப் பார்த்து நின்றது.

"ராத்திரி பூரா அலையில கெடந்து எதுக்குத் தங்கச்சி? பிளேன்ல ஒண்ணே முக்கால் மணிதான்."

திருச்சி போய்ச் சேரவே ஒரு ராத்திரி ரயில் என்பதை அவன் கூட்டவில்லை. பிளேன் தினமும் உண்டா என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. டிக்கெட் எடுத்தது முதலாளி.

மறுநாள் காலை அண்ணியும் கொழுந்தனும் திருச்சியில் போய் நின்றார்கள். பிளேன் முந்தின நாள் போய்விட்டது. அடுத்தது மூன்று நாள் கழித்து. அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அப்புறம் கடல், மறுபடி ரயில் என்று கொழும்பு சேர்ந்தபோது அய்யாக்குட்டியை எரித்துச் சாம்பலும் அள்ளியாகிவிட்டது. தூத்துக்குடிக் கப்பல் கரை சேர்ந்த அன்று பகல் முழுக்க வாசலையே பார்த்துக் கிடந்தாராம். பொழுது சாயத்தான் உயிர் போனதாம்.

ஊர் திரும்பிய செல்லத்தாய் வீட்டில் நடந்த பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு இசக்கியப்பனும் போனான். போகாவிட்டால் ஊர் கேட்கும். இலையில் கை வைத்தபோது உள்ளே பெண்கள் பேசுவது கேட்டது.

"இந்த மனுசன் பேச்சைக் கேட்டுல்லா இப்படி ஆச்சு," என்றாள் உறவுக்காரி பேச்சித்தாய்.

"அவுகள ஒண்ணும் சொல்லாதிய," என்றது செல்லத்தாயின் குரல். "ஏறிப் போனவுக, உள்ளதத்தான் சொன்னாக. என் தலையெழுத்துக்கு அவுக என்ன செய்வாக?"

இலையை அப்படியே விட்டான். எழுந்து உள்ளே போனான்.

"தங்கச்சி, நான் பிளேன்ல ஏறுனதே இல்ல. வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன், அம்புட்டுத்தான்."



"அப்ப கப்பல்லயே போயிருக்கலாம்," என்றாள் செல்லத்தாய். "காலையிலயே அவுக பக்கத்துல இருந்திருப்பேன்."

"ஆமா தங்கச்சி."

தலையெழுத்து என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டாள். அதையும் அவன் பிடுங்கிவிட்டான். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். இசக்கியப்பன் எச்சில் கையோடு அங்கேயே நின்றான்.