கங்குரு என்றால் ‘தெரியாது’ இல்லை

கிறேஸ் ரீச்சர் கோபக்காரி என்று மல்லாவியில் பெயர். கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடித்து வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை. அங்கிருந்து துரத்தப்பட்டு முல்லைத்தீவுக்கு வந்து, அங்கிருந்தும் பெயர்ந்து, தொண்ணூற்றேழில் மல்லாவியில் ஒரு கொட்டில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

கணவர் இராயப்புவுக்கு இடது காது கேட்காது. சில வருடங்களுக்கு முன் வவுனியாப் பக்கம் ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். “விளங்கேல்லை ஐயா” என்றார் இராயப்பு. துவக்குப் பிடியால் காதோடு சேர்த்து ஒரு அடி விழுந்தது. என்ன கேட்டான் என்று இராயப்புவுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிற்றம்பலம் மாஸ்டர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்கி விழ, அவர் ஒரு பகிடி சொன்னார்.

“வெள்ளைக்காரன் கப்பலால இறங்கி, துள்ளிப் போற மிருகத்தைக் காட்டி இது என்ன எண்டு கேட்டானாம். அங்கத்தைய காட்டுச்சனம் ‘கங்காரு’ எண்டுதாம். அதுகளின்ர பாசையில அதுக்குத் ‘தெரியாது’ எண்டு கருத்து. மடைச்சனம்! அதே பேராப் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். கிறேஸ் எழும்பினார்.

“ஆர் சேர் மடையர்? பாசை தெரியாமல் கேட்டவனோ, கேட்டதுக்கு மறுமொழி சொன்னவையோ?”

“இது பகிடி ரீச்சர். இருங்கோ.”

“என்ர மனுசனும் விளங்கேல்லை எண்டுதான் சொன்னவர். அதுக்கு ஒருத்தனும் சிரிக்கேல்லை. அடிச்சவங்கள்.”

தேத்தண்ணி குடிக்காமலே வெளியேறினார். வீட்டில் கூரைக்குக் கிடுகு போட்டுக்கொண்டிருந்த இராயப்புவிடம் நடந்ததைக் கொட்டினார். “அவங்களாவது தெரியாது எண்டு சொல்லித் தப்பியிட்டாங்கள்” என்றார் அவர். கிறேசுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒருநாள் பங்குக் கோவிலுக்குத் தமிழ் அருட்சகோதரி ஒருவர் வந்தார். அவுஸ்திரேலியாவின் வடக்கே, பூர்வீகச் சனத்தோடு பல வருடம் வேலை செய்தவர். பூசை முடிந்ததும் கிறேஸ் அவரைப் பிடித்து, மாஸ்டரின் பகிடியைச் சொல்லி, அது உண்மையோ என்று கேட்டார்.

“தெரியாது எண்டு கருத்தோ? ஆர் சொன்னது?” என்றார் சகோதரி. “அந்தக் கப்பல் நிண்ட ஊர்ச் சனம் துள்ளிப் போற மிருகத்தில ஒரு பெரிய வகைக்குக் ‘கங்குரு’ எண்டுதான் சொல்லுறவை. மற்ற வகையளுக்கு வேற வேற பேர் இருக்கு. கப்பல் உடைஞ்சு அவையின்ர ஆத்தங்கரையில நிண்ட வெள்ளையருக்கு அவை சரியாத்தான் சொல்லியிருக்கினம். பிறகு வந்தவங்கள் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் வேற பாசைச் சனத்திட்டச் சொன்னவங்கள். அவைக்கு அது புதுச் சொல்லு. இந்தத் ‘தெரியாது’ கதை பிறகு ஆரோ கட்டினது. இருபத்தைஞ்சு வருசத்துக்கு முன்னம் ஒரு ஆராய்ச்சியாளர் அந்த ஊருக்கே போய்க் கேட்டு எழுதினவர்.”

கிறேசுக்குக் கோபம் இரண்டு மடங்காகியது. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்ன சனத்தை, ஒன்றும் தெரியாததுகள் என்று எத்தனை தலைமுறை சிரித்திருக்கிறது!

அடுத்த கருத்தரங்கன்று காலையிலேயே சிற்றம்பலத்திடம் விசயத்தைச் சொன்னார். “பிழையாச் சொன்ன இடத்திலயே திருத்திச் சொல்லுங்கோ சேர்.”

“பாப்பம்” என்றார் அவர். பொழுதுபட, குடையைக் கையில் எடுத்தபடி, “கங்காரு விசயத்தில ஏதோ சின்னத் திருத்தம் இருக்காம். ரீச்சர் சொல்லுறா. சரி, தேத்தண்ணி குடிப்பம்” என்று முடித்தார். எல்லோரும் கதிரைகளை விட்டு எழும்பினார்கள்.

கிறேஸ் கரும்பலகைக்குப் போய் ‘கங்குரு’ என்று பெரிதாக எழுதினார்.

“இருங்கோ! சிரிக்கேக்க இருந்தனியள்தானே?”

பாதிப்பேர் இருந்தார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு அவர் முழுவதையும் சொன்னார். வாசலில் நின்ற சிற்றம்பலம், “ஒரு மிருகத்தின்ர பேருக்கு இவ்வளவு கோவமோ?” என்றார்.

அதற்குப் பிறகு மல்லாவியில் சிற்றம்பலம் அந்தப் பகிடியைச் சொன்னதில்லை. பக்கத்து ஊரான துணுக்காயில் சொன்னார் என்று கேள்வி. அடுத்த கிழமை கிறேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு துணுக்காய்க்கும் போனார்.