புத்தம்புதுக் குப்பை

எங்கள் ஆய்வகத்துக்குக் குப்பை கூரியரில் வரும். உறை பிரிக்காமல், தரச் சான்றிதழுடன், பற்றவைக்கும் ஈயமான சாலிடர் ஒரு சொட்டுகூடப் படாத புத்தம்புது சர்க்யூட் போர்டுகள். அவற்றை வெட்டி, அரைத்து, அமிலத்தில் கரைத்து, செம்பை நானோ துகள்களாகப் பிரித்தெடுப்பது என் ஆராய்ச்சி. தலைப்பு, மின்னணுக் கழிவிலிருந்து உலோக மீட்பு. பெங்களூரில் கழிவுக்கு அவ்வளவு பஞ்சம்.

இரண்டு வருடம் நானும் எதையும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. குப்பியில் செங்கல் நிறத் துகள் மின்னும்போது கேள்வி எதற்கு?

அம்மா ஜீவனஹள்ளியில் ஒரு பழைய சாமான் குடோனில் போர்டு பிரிப்பவள். ஆய்வுக் குழு என்னை மதிப்பிட ஒரு மாதம் இருக்கும்போது, என் வேலையை அவளுக்குப் பெருமையாக விளக்கினேன். புதுசை வாங்கி உடைக்கிறோம் என்றதும் சிரித்தவள், நிறுத்த வெகுநேரம் ஆனது. மறுநாள் ஒரு பை நிறைய நிஜப் போர்டுகள் கொண்டுவந்தாள்.

கரைத்தேன். ஈயமும் வெள்ளீயமும் இரும்பும் கலந்து, சாக்கடை அடைப்பை எடுத்ததுபோல் கறுப்புச் சேறு வந்தது. மூன்று முறை செய்தும் அதே சேறு.

என் வழிகாட்டியிடம் காட்டினேன். தலைமுறைகளாக ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாவில் இருக்கும் குடும்பத்துக்காரர். அவருக்குக் கோபம்கூட இஸ்திரி போட்டுத்தான் வரும்.

"ரியல் வேஸ்ட்ல வேரியேஷன் நிறைய இருக்கும்மா. ரிவ்யூ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். அன்னிக்கு இந்த பாட்டிலை எடுத்துட்டு வராதே."

குப்பையில் குப்பை இருக்கிறது என்பதை அவ்வளவு நாகரிகமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எடுத்துப் போனேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். நாளைக்கு டாக்டர் பட்டத்தோடு நிற்கும்போது, அம்மா ஒரு போர்டை நீட்டி, செம்பு எடுத்துக் காட்டு என்றால்?

குழுவில் ஒருவர் செங்கல் நிறக் குப்பியைப் பாராட்டிவிட்டு, எந்தக் கழிவு என்று கேட்டார். கடையில் வாங்கியது என்றேன். கழிவிலிருந்து வந்தது இது என்று கறுப்புக் குப்பியை மேசையில் வைத்தேன். வழிகாட்டி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

தேர்ச்சி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, திரும்ப வரத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று வீட்டில் விளக்கினேன்.

"அதுக்குப் பேரு ஃபெயிலுதான்டி," என்றாள் அம்மா. பள்ளிக்கூடமே போகாதவளுக்கு இது மட்டும் எப்படித் தெரிகிறதோ. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் எத்தனை போர்டு வேண்டும் என்று கேட்டாள்.

ஒரு பை போதும், சாலிடர் நிறைய இருப்பதாகப் பார்த்துக் கொண்டு வா என்றேன்.