நெம்மதி என்றால் தணிதல்

திருப்பதிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு அக்காவின் காய்ச்சல் பற்றி அவர் கணவரிடம் விசாரித்தேன். "நெம்மதிகா உந்தி" என்றார். குறைந்திருக்கிறதாம். ஆட்டோவை மெதுவாக ஓட்டச் சொல்லவும் இங்கே அதே சொல்தான். அகராதியைப் புரட்டினேன். நம் 'நிம்மதி' கன்னடம், தெலுங்குப் பக்கமிருந்து வந்ததாம். தமிழில் அது மனத்தோடு நின்றுவிட்டது. தெலுங்கில் நோயும் தணியும், வேகமும் தணியும்.

போன கோடையில் எனக்கு அந்தத் தெலுங்குப் பொருள்தான் தேவைப்பட்டது. ஒன்றரை வயது மகனின் தலையெல்லாம் வேர்க்குரு, கட்டி. முடியை எடுத்தால்தான் மருந்து தோலில் படும் என்றார் மருத்துவர். ஆனால் முதல் முடி திருமலைக்கு நேர்ந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். என் அண்ணனுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட். வீட்டுக்குத் தூங்க மட்டும் வருவார்.

நகரியிலிருந்த மாமியாருக்கு போன் செய்தேன்.

"மாமன் இல்லாம மொட்டையா? ஊரே சிரிக்கும்மா. ரெண்டு மாசம் பொறுத்துக்கோ."

"புள்ள சொறிஞ்சிக்கினே அழுவுது அத்தை."

"நீ எதுக்கெடுத்தாலும் பயந்துக்கினே இரு."

அவர் சொல்வது சரியோ? அண்ணன் வந்து வருத்தப்பட்டால்? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலிபிரி அடிவாரத்தில் தனியாக மலை பஸ் ஏறினேன்.

மொட்டை போடுபவர், "மேனமாமா எக்கட?" என்று மாமனைத் தேடினார். "லேரு" என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் சட்டையைக் கழற்றினேன். சுற்றிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துக் கைகள். தலையைப் பிடிக்க ஒருவர், கிலுகிலுப்பை ஆட்ட ஒருவர், போட்டோ எடுக்க ஒருவர். நான் சப்பணமிட்டு உட்கார்ந்து என் மடியிலேயே அவனை இறுக்கிக்கொண்டேன். ஒரு கட்டி உடைந்தது. அவன் வீறிட்டான். தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு இன்னொரு குழப்பம்: சந்தனம் பூசுவதா, மருந்து பூசுவதா? மருந்தைப் பூசிவிட்டு, சந்தனத்தைப் பெயருக்கு நெற்றியில் வைத்தேன்.

வீடியோ காலில் அண்ணன், "என் மடியை ஏமாத்திட்டியே! காதுகுத்துக்கு விடமாட்டேன்" என்று சிரித்தான். சிரிப்பு நிஜமா என்று போனை வைத்த பிறகும் யோசித்தேன்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து மாமியார் அழைத்தார்.

"அழுவுதா?"

"தூங்குது அத்தை. சொறியவே இல்ல."

"சரி. நீ துன்னியா?"

இல்லை என்றால் திட்டுவார். துன்னேன் என்றேன்.