எங்கள் தெருவின் பிறந்த நேரம் என் சட்டைப் பையில்!

இன்று திருப்பதியில், ஒரு வாட்ச் கடை கவுண்டரில், என் மானமே ஊசலாடிவிட்டது!

காரணம் என் டிஜிட்டல் டைரி.

(இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் குட்டி கீபோர்டு, மூன்று வரித் திரை. போன் நம்பர், மணி, கணக்கு எல்லாம் உண்டு. கேமரா கிடையாது. சிரிக்காதீர்கள்!)

குவைத்தில் டிரைவராக இருந்தபோது முதல் லீவுக்கு வாங்கி வந்தது. மற்றவர்கள் டேப்ரிக்கார்டர், சென்ட் பாட்டில் என்று கொண்டுவந்தார்கள். நான் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கினேன். சாந்திபுரம் பக்கம் எங்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"யார் நம்பரை இதுல போடப் போற? நம்ம தெருவுல யார்கிட்ட போன் கீது?" என்று கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள்.

நியாயமான கேள்விதான். தெருவுக்கே ஒரு போன் கிடையாது!

ஆனால் மணி இருந்ததே. ரேடியோ டைமுக்குச் சரியாக ஓடும் மணி.

குவைத் போதும் என்று நான் திரும்பி வந்த சமயத்தில், எங்கள் தெருவில் பிரசவமெல்லாம் வீட்டில்தான். ஜாதகம் எழுத நேரம் வேண்டும். கடிகாரம் இருந்த நாலு வீட்டிலும் நாலு மணி காட்டும். அதனால் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் என்னைக் கூப்பிட்டு வாசலில் உட்கார வைப்பார்கள், டைரியோடு.

உள்ளே குழந்தை அழுததும் மருத்துவச்சி குரல் கொடுப்பாள்: "அடிச்சிக்கோ நைனா!"

டைரியில் நேரத்தை அடித்துக்கொள்வேன். அவ்வளவு பெருமை எனக்கு! (பிள்ளை பெற்றவளுக்குக்கூட அவ்வளவு இருந்திருக்காது.)

பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை நம்ப முடியாது. ஹெட்மாஸ்டர் பாதித் தெருவுக்கு ஜூன் மாதத்தில் ஒரே தேதியைப் போட்டுவிட்டார். அதனால் கல்யாணப் பேச்சு என்றால் முதல் வெற்றிலை பாக்கு என் வீட்டுக்குத்தான் வரும்.

போன வாரம் பக்கத்து வீட்டு தேவி வந்தாள். கமலாவின் இரண்டாவது பெண். திருப்பதிப் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. அங்கேயே கூட வேலை செய்யும் பையனைப் பிடித்திருக்கிறது. பையனுக்கும் அப்படியே. பையனின் அம்மா மட்டும் ஜாதகம் இல்லாமல் பேச்சே இல்லை என்கிறார்.

டைரியைத் திறந்தேன். திரை வெள்ளையாக இருந்தது. ஒரு எழுத்து தெரியவில்லை!

"பேப்பர்ல எழுதி வெக்கலையா மாமா?" என்றாள்.

டிஜிட்டல் டைரி வைத்திருப்பவன் பேப்பரில் எழுதுவானா? கவுரவம் என்னாவது?

"எங்க நைனா சும்மா ஒரு டயம் போட்டு எழுதிக்கலாம்னு சொல்லிக்கினு கீறாரு. பொய் சொல்லிட்டு அந்த வீட்டுக்குப் போவ எனக்கு இஷ்டம் இல்ல மாமா."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, இன்று அந்த வாட்ச் கடை. தேவியும் கூட வந்தாள்.

இதில் இரண்டு பேட்டரி, கடைசியாக மாற்றியே பல வருடம் ஆகிவிட்டது. பெரியது ஓடுவதற்கு, சின்னது உள்ளே இருப்பதைக் காப்பதற்கு. ஒன்றைக் கழற்றும்போது மற்றது வேலை செய்ய வேண்டும். சின்னதும் செத்துப்போயிருந்தால், பெரியதைக் கழற்றிய நிமிடமே தெருவின் பிறப்பெல்லாம் காலி!

கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "வத்து சார், வேணாம்! ஸ்க்ரூ எல்லாம் துரு. டேட்டா போச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது. மீரே சூஸ்கோண்டி!"

நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்க்ரூ டிரைவரை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். பாவம், நல்ல மனுஷன். பொய்த் தைரியம் காட்டவில்லை.

நான் கையில் எடுத்தேன். ஸ்க்ரூவில் வைத்தேன், வழுக்கியது.

"குடு மாமா."

தேவி முதலில் கடை ஷட்டரின் இரும்பைத் தொட்டாள்.

"அது எதுக்கும்மா?"

"நம்ம ஒடம்புல கரண்ட் கீதுன்னா சர்க்யூட்டு பூடும். கம்பெனி லைன்ல தினம் இதான் பண்ணிக்கினு கீறோம்."

துரு ஏறிய ஸ்க்ரூவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். கொஞ்சம் காத்திருந்தாள். மெல்லத் திருப்பினாள். புது பேட்டரியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு பழையதை எடுத்தாள், புதியதைப் போட்டாள். நான் ஏழுமலையானைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது!

ஆன் பண்ணினாள்.

ஒன்றும் இல்லை.

பிறகு மெதுவாகக் கறுப்பு எழுத்து வந்தது. மூன்று வரியும்!

கடைக்காரர் கைதட்டினார். நான் அழுதுவிட்டேன். (கடையில் ஏசி இல்லை, வியர்வை என்று சமாளித்தேன்.)

சின்ன பேட்டரியையும் மாற்றிவிட்டுத் தேடினாள். அவள் பெயரில் எதுவும் இல்லை. பிறந்தபோது ஏது பெயர்? கமலா, ரெண்டாவது பாப்பா என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. தேதி, மணி, நிமிடம். கீழே நான் அடித்து மறந்தே போன ஒரு வரி.

நல்ல மழை. நல்லா அழுதுச்சு.

தேவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மழையா மாமா? அம்மா சொன்னதே இல்ல."

"உங்க அம்மா மழையா பாத்துக்கினு இருந்தா? நான் தான் வாசல்ல நனஞ்சிக்கினு இருந்தேன்!"

சிரித்தாள். அப்புறம் முதல் வேலையாகத் திரையைத் தன் போனில் படம் பிடித்துப் பையனின் அம்மாவுக்கு அனுப்பினாள். ஜோசியர் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் அவர் கைக்குப் போகிற நேரம் உண்மையான நேரம்!

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்: "அக்காவுக்கு அடுத்த மாசம் டெலிவரி. நீ தான் வந்து டயம் அடிக்கணும் மாமா."

"ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுப்பாங்களே?"

"குடுப்பாங்க. அது ஆஸ்பத்திரி டயம். நம்ம தெரு டயம் இதுல தான் இருக்கணும்."

இத்தனை வருடம் இந்தப் பெட்டியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இன்று, மழையில் அழுத அந்தப் பாப்பாவைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன்.

சரி, நீங்கள் பிறந்தபோது மழையா, வெயிலா? யாரிடமாவது கேட்டதுண்டா?

(எங்கள் தெருவில் பிறந்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். வெற்றிலை பாக்கோடு!)