கவிழ்த்து வைத்த துரும்பு

என் மனைவி பாஸ் பண்ண வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கான பள்ளியில் வரலாற்றுக்கு வாய்மொழித் தேர்வு, அதுவும் பிரெஞ்சில். தேறினால் புவாண்ட்-கிளேர் கிடங்கில் பெட்டி தூக்குவதை விட்டுவிட்டு, கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்கான படிப்பில் சேரலாம். அவளுக்கு முன்கூட்டியே தந்திருந்த கேள்வி: அகஸ்டஸின் வம்சம் முடிந்த பிறகு ரோம் யார் கைக்குப் போனது?

எனக்கு வந்த குதூகலம்! எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டுச் சமையலறையில் நின்ற இடத்தில் நிற்கவில்லை நான். நீரோ சாகிறான், வாரிசில்லை, ஸ்பெயினிலிருந்து கால்பா வருகிறான், வெட்டுப்படுகிறான், ஒத்தோ ஏறுகிறான், அதற்குள் விட்டேலியஸின் படை பனிமலை தாண்டி இறங்குகிறது! கையில் கரண்டிதான் வாள்.

"இஞ்சருங்கோ, சொதி சுவரெல்லாம் தெறிக்குது. ஆர் செத்தது, ஆர் வந்தது, அதை மட்டும் சொல்லுங்கோ."

"அதைத்தானே சொல்லுறன்!"

"எங்க சொல்லுறியள்? ஆடுறியள்."

அவளே எழும்பிப் போய்ச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிற கட்டு. மேசையில் ஒரு ராசாவை வைத்தாள். "இவர் நீரோ." அதன்மேல் ஒரு ஜாக்கை அறைந்தாள். "இவர் கால்பா."

எனக்குப் புல்லரித்தது. எங்கள் ஆட்டத்தில் ராசாவுக்குப் பெரிய மதிப்பில்லை, ஜாக்தான் எல்லாருக்கும் மேல். அந்த வருடத்து ரோமும் அதுதானே! அரச ரத்தம் ஒரு பக்கம் கிடக்க, படை வைத்திருந்தவன் அள்ளிக்கொண்டு போனான். இரண்டாம் ஜாக் ஒத்தோ. மூன்றாவது விட்டேலியஸ். வேறு வேறு இனச் சீட்டுகள், விதிப்படி ஒன்றை ஒன்று வெல்லாது. ரோமில் மட்டும் எந்த விதி இருந்தது!

நாலாவது ஜாக்கை அவள் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன் மூடி வைக்கிறீர்?"

"துரும்பெல்லோ, எல்லாத்தையும் வெட்டுறவர், திறக்கிறவரைக்கும் மூடித்தான் இருப்பார். வெஸ்பாசியன். கிழக்கில படையோட இருக்கிறார். மற்றவை அடிபட்டுக் களைக்கட்டும் எண்டு."

தேர்வன்று கட்டு அவள் கைப்பையில் போனது. நான் நடைவழியில், சப்பாத்தில் ஒட்டிய பனி காலடியில் உருகி ஓட, மூடிய கதவுக்கு வெளியே இருந்தேன். உள்ளே அவள் குரல் தடுமாறியது. தேய்ந்தது. நின்றே போனது. போச்சு, என்றது மனம்.

டப்!

ஞாயிறுகளில் என்னைத் தோற்கடிக்கும்போது அவள் சீட்டை மேசையில் அறைகிற அதே சத்தம். டப். பிரெஞ்சு கடகடவென்று ஓடியது, பிழையோடுதான், ஆனால் ஓடியது. டப். டப். பிறகு சத்தமில்லை. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்! நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆசிரியையின் குரல், கதை கேட்கிற பிள்ளையைப் போல: "எ அலோர்?" அதாவது: பிறகு, பிறகு என்ன?

டப்!

வெளியே வந்தவளின் முகமே சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன மாதிரி?"

"பாஸ். வெஸ்பாசியனுக்குப் பேந்து மகன் வந்தவரெல்லோ, அதுக்கு எந்தச் சீட்டு எண்டு டீச்சர் கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

சீட்டுக்கட்டை என் கையில் வைத்தாள்.

"இனிக் குலைச்சுப் போட வேணும், புது வம்சம், புது ஆட்டம் எண்டன்."